கத்தோலிக்க வழிபாடும் திருச்சபையின் அமைப்பும்

(ஆரியசாலை: சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆரியசாலையிலும் சாலைக் கடைவீதியைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழராகிய நமக்குச் சமய நல்லிணக்கம் என்பது மேடையில் மட்டும் பேசும் பொருளன்று. ஒரு வீட்டில் கார்த்திகை விளக்கு எரிகிறது. அடுத்த வீட்டில் கிறிஸ்து பிறப்புக்கு விண்மீன் விளக்குத் தொங்குகிறது. பொங்கலும் கேக்கும் மதிலைத் தாண்டிப் போகின்றன, வருகின்றன. நம்மிற் கத்தோலிக்கரும் உளர், அல்லாதாரும் உளர். ஒருவர் வழிபாட்டை ஒருவர் மதிக்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மதிப்பது வேறு, அறிவது வேறு. அறியாத இடத்தில் மதிப்பும் தடுமாறும்.

அண்டை வீட்டார் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் நாம் கோயிலுக்குச் செல்கிறோம். எப்போது எழுவது, எப்போது அமர்வது, வரிசையிற் சென்று அப்பம் பெறலாமா என்று அறியாமற் பின்வரிசையில் தயங்கி நிற்கிறோம். இந்நகரத்திலேயே பாளையத்தில் ஒரு பேராயர், பட்டத்தில் ஒரு பேராயர் என்றால், 'இவர்கள் இரு வேறு சமயத்தாரோ?' என்று மயங்குகிறோம். இம்மயக்கங்களை நீக்குவதே இவ்வுரையின் நோக்கம். யாரையும் சமயம் மாற்றுவதும் அன்று. எச்சமயத்தையும் எடை போடுவதும் அன்று.

முதலில் வழிபாட்டைக் காண்போம்.

கத்தோலிக்க வழிபாட்டின் நடு உயிர் திருப்பலி. இயேசு பெருமான் தாம் சிலுவையில் அறையுண்பதற்கு முன்னிரவு, தம் சீடரோடு பந்தியமர்ந்து அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் எடுத்து, இவை தம் உடலும் இரத்தமும் என்று கூறிக் கொடுத்து, இதனைத் தம் நினைவாகச் செய்யுமாறு பணித்தார் என்பது அவர்தம் மறைநூற் செய்தி. அந்த விருந்தே திருப்பலியாக நிகழ்கிறது. கோயிலின் நடுவே காணும் பீடம் பலிபீடமும் ஆகும். விருந்து மேசையும் ஆகும்.

திருப்பலிக்கு இரு பெரும் பகுதிகள் உண்டு. முதற் பகுதி இறைவாக்கு வழிபாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஏற்பாட்டிலிருந்தும், திருத்தூதர் மடல்களிலிருந்தும், நற்செய்தியிலிருந்தும் வாசகங்கள் படிக்கப்படும். இடையே திருப்பாடல் ஒன்று பாடப்படும். இலத்தீன் முறையில் இவ்வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் அமைந்துள்ளன. முதல் வாசகங்களை அமர்ந்து கேட்பர். நற்செய்தி வாசிக்கும்போது மட்டும் அனைவரும் எழுந்து நிற்பர். கிறிஸ்துவே பேசுகிறார் என்பது கருத்து. அதன்பின் குருவானவர் மறையுரை ஆற்றுவார்.

இரண்டாம் பகுதி நற்கருணை வழிபாடு. அப்பமும் இரசமும் காணிக்கையாகப் பீடத்துக்கு வரும். குரு நன்றி மன்றாட்டைச் சொல்லி, கிறிஸ்து உரைத்த சொற்களையே உரைத்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுவார். மணி ஒலிக்கும், மக்கள் முழந்தாளிடுவர். அந்நேரம் முதல் அவை வெறும் அப்பமும் இரசமும் அல்ல, கிறிஸ்துவே என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. எஞ்சிய நற்கருணையைப் பேழையில் வைத்து அருகே அணையா விளக்கு ஏற்றுவதும், அதனைக் கடக்கும்போது முழந்தாளிடுவதும் அந்நம்பிக்கையால்தான்.

இங்கே நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நற்கருணை, கோயிலில் வந்தோர் அனைவர்க்கும் வழங்கும் பிரசாதம் போன்றதன்று. திருமுழுக்குப் பெற்று, அந்நம்பிக்கையை ஏற்று, ஒரு மணி நேரமேனும் உணவு கொள்ளாதிருந்து, மனச்சான்றைத் துலக்கிக்கொண்டு பெறுவது அது. கத்தோலிக்கருள்ளும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளாதவர் வரிசைக்குப் போகார். ஆகவே விருந்தினராகச் செல்லும் பிறர் இருக்கையில் அமைதியாக அமர்ந்திருப்பதே முறை. அதனை யாரும் அவமதிப்பாகக் கருதார். மற்றவர் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும். முழந்தாளிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

புனிதர் வணக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வேளாங்கண்ணியிலும், நம் நகர்க் கடற்கரையில் வெட்டுகாட்டிலும் எல்லாச் சமயத்தாரும் கூடுகின்றனர். மரியன்னையையும் புனிதரையும் கத்தோலிக்கர் கடவுளாகக் கொள்கின்றனர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. ஆராதனை கடவுளுக்கே உரியது. புனிதர்க்கு உரியது வணக்கம். நமக்காகப் பரிந்து பேசும்படி அவர்களை வேண்டுகின்றனர். இந்த வேறுபாட்டை நம் தமிழ்ச் சொற்களே தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

இனித் திருச்சபையின் அமைப்புக்கு வருவோம். கீழிருந்து மேலே செல்வது எளிது.

அண்டை அயலிலுள்ள சில குடும்பங்கள் கூடி மன்றாடும் குழுவைத் தமிழகத்தில் அன்பியம் என்பர். பல குடும்பங்கள் சேர்ந்தது பங்கு. அதனை நடத்துபவர் பங்குத்தந்தை. அவருக்குத் துணையாகத் தமிழூர்களில் உபதேசியாரும் கோயிற்பிள்ளையும் உளர். கோயிற்பிள்ளையையே இங்குக் கப்பியார் என்பர். பங்கின் வரவு செலவைக் கவனிக்கப் பொதுநிலையினர் அடங்கிய குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பங்குகள் பல சேர்ந்தது மறைவட்டம். மறைவட்டங்கள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர். கத்தோலிக்க அமைப்பின் அச்சாணி இந்த ஆயரே. கிறிஸ்துவின் திருத்தூதர்களிடமிருந்து இடையறாது வரும் வழிமரபில் ஆயர் நிற்கிறார் என்பது அவர்கள் கொள்கை. பங்குத்தந்தை அவர் சார்பிலேயே பணியாற்றுகிறார். 75 அகவை நிறைந்ததும் ஆயர் தம் பதவி விலகற் கடிதத்தைத் திருத்தந்தைக்கு அளிக்குமாறு சட்டம் கேட்டுக்கொள்கிறது.

ஆயர்கள் அனைவர்க்கும் ஒற்றுமையின் கண்ணாக இருப்பவர் உரோமை ஆயராகிய திருத்தந்தை. 80 அகவை நிரம்பாத கர்தினால்மார் கூடி, மூன்றில் இரு பங்கு வாக்குகளால் அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2025 மே 8-ஆம் நாள் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது வாக்களித்தவர்களுள், நம் பட்டத்துப் பேராலயத்திலிருந்து சென்ற கர்தினால் பசேலியோஸ் கிளீமிஸ் அவர்களும் ஒருவர்.

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். ஒரே நகரில் ஏன் பல ஆயர்கள்?

கத்தோலிக்கத் திருச்சபை என்பது ஒரே அச்சில் வார்த்த ஒன்றன்று. அது 24 தன்னுரிமைத் திருச்சபைகளின் குடும்பம். அவற்றுள் பெரியது இலத்தீன் திருச்சபை; மற்ற 23-உம் கீழைத் திருச்சபைகள். இந்தியாவில் வேரூன்றியவை மூன்று: இலத்தீன், சீரோ-மலபார், சீரோ-மலங்கரா. இம்மூன்றையும் திருவனந்தபுரத்தில் ஒரே நாளில் நடந்தே கண்டுவிடலாம்.

பாளையத்துப் புனித சூசையப்பர் பேராலயம் இலத்தீன் மரபினது. 1937-இல் கொல்லத்திலிருந்து பிரிந்து மறைமாவட்டமாகி, 2004-இல் உயர்மறைமாவட்டமாயிற்று. பட்டத்துப் புனித மரியன்னை பேராலயம் சீரோ-மலங்கரா திருச்சபையின் தலைமைப் பீடம். அந்தியோக்கியாவின் மேற்குச் சீரிய மரபு அங்கே வழங்குகிறது. தூயகத்தைத் திரை மறைக்கும், தூபம் மிகுதி, திருப்பலியை அவர்கள் குர்பானா என்பர். காணிக்கை என்று பொருள்படும் சீரியச் சொல் அது. பி.எம்.ஜி. சந்திப்பில் உள்ள லூர்து அன்னை ஆலயம் சீரோ-மலபார் மரபினது. சங்ஙனாசேரி உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் வழிபாடு கிழக்குச் சீரிய மரபு. இலத்தீன் மரபினர்க்குத் தவக்காலம் சாம்பற் புதனன்று தொடங்கும். கீழை மரபினர்க்கு அவ்வாரத்துத் திங்களன்றே தொடங்கிவிடும். இலத்தீன் ஆயரைத் திருத்தந்தை நியமிக்கிறார். கீழைத் திருச்சபையின் தலைமைப் பேராயரை அத்திருச்சபை ஆயர்களின் மன்றமே தேர்ந்தெடுக்க, திருத்தந்தை உறுதி செய்கிறார். மலங்கரா திருச்சபை அந்நிலைக்கு 2005-இல் உயர்ந்தது.

மூவர்க்கும் நம்பிக்கை ஒன்றே; அருளடையாளங்கள் ஏழும் ஒன்றே; திருத்தந்தை ஒருவரே. ஒரு மரபினர் மற்ற மரபினரின் கோயிலில் ஞாயிற்றுத் திருப்பலியில் பங்கு பெற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறிவிடும். ஆனால் ஒருவர் எத்திருச்சபையினர் என்பது அவர் குடியிருக்கும் தெருவால் அமைவதன்று. பெற்றோரின் மரபால் வருவது. இங்குள்ள தென்னிந்தியத் திருச்சபையினர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், மார்த்தோமா சபையினர் ஆகியோரும் கிறிஸ்தவரே. ஆயினும் அவர்கள் உரோமைத் திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்டவர் அல்லர்.

இந்தப் பன்மை எளிதாகக் கிடைத்ததன்று. 1599-ஆம் ஆண்டு கோவாப் பேராயர் மெனேசிஸ், உதயம்பேரூரில் ஒரு மன்றம் கூட்டி, சீரிய மரபில் வாழ்ந்த கேரளக் கிறிஸ்தவரை இலத்தீன் முறைக்கு வளைக்க முனைந்தார். அவர்தம் பழஞ்சுவடிகள் பல பிழையுடையன என்று தீக்கிரையாயின. உள்ளக் கொதிப்பு அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்து, 1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சூளுரையாக வெடித்தது. ஒரு குடும்பமாய் இருந்தவர் பிரிந்தனர். அப்பிரிவு இன்றும் முற்றும் ஆறவில்லை. ஒற்றுமையை நாடி ஒரேபடித்தாக்க முயன்றதற்குக் கொடுத்த விலை அது.

மறுதலையாக, 1930 செப்டம்பர் 20-ஆம் நாள் மார் இவானியோஸ் அவர்களும் மார் தெயோபிலோஸ் அவர்களும் சிலரும் கொல்லத்தில் ஆயர் பென்சிகர் முன்னிலையில் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்தபோது, தங்கள் அந்தியோக்கிய வழிபாடு அப்படியே காக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். உரோமை அதற்கு இசைந்தது. வழிபாட்டைக் காத்ததால் இணைப்பு நிலைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், கீழை மரபுகளும் இலத்தீன் மரபும் மாண்பில் நிகரானவை என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

இனி மொழியைப் பற்றி. நம் சங்கத்தார்க்கு இதுவே நெஞ்சுக்கு நெருங்கிய பகுதி.

கேரளத்துக் கத்தோலிக்க வரலாற்றில் தமிழ் பிற்காலத்து விருந்தாளி அன்று. 1329-இல் இந்தியாவின் முதல் மறைமாவட்டமாகக் கொல்லம் அறிவிக்கப்பட்டது. 1544-இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் பல்லாயிரவர்க்குத் திருமுழுக்களித்தார். அவர் தமிழ் கற்றறிந்தவர் அல்லர். எனினும் இருமொழியும் அறிந்தாரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கி, தாம் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவரைச் சேர்த்துக் கற்பித்தார். அவர்க்குப் பின் வந்த அண்டிறீக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூல் 1578 அக்டோபர் 20-ஆம் நாள் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எனக் கொள்ளப்படுவது அது. அச்சான இடம் மதுரையோ தஞ்சையோ அன்று. இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கொல்லம்!

ஆயினும் திருப்பலியின் மொழி நெடுங்காலம் இலத்தீனாகவே இருந்தது. குரு ஒரு மொழியில் ஓத, மக்கள் தம் மொழியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. 1969-இல் இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, கைகூப்பி வணங்குதல், ஆரத்தி முதலிய நம் நாட்டு முறைகள் பன்னிரண்டுக்கு உரோமை இசைவளித்தது. இன்று கோயிலில் குத்துவிளக்கைக் காணும்போது, 'இது நம்மிடமிருந்து எடுத்ததோ?' என்று சிலர் கேட்கின்றனர். அம்மக்களும் நாமே எனும்போது, எடுத்தவர் யார், கொடுத்தவர் யார்?

மாநில எல்லையும் மொழி எல்லையும் வழிபாட்டு எல்லை ஆகா என்பதற்கு ஆரியசாலையினும் சிறந்த சான்று வேண்டுமா? தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறிய பின் ஏற்பட்ட வழக்கப்படி, ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலைப் பகவதி கோயிலில் எழுந்தருளுகிறார். பத்மநாபபுரத்துச் சரசுவதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆனால் ஊர்வலம் நிற்கவில்லை.

கத்தோலிக்கர் நிலையும் அதுவே. நீரோடி, மார்த்தாண்டன்துறை, தூத்தூர் முதலிய கடலோர ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. அவற்றின் இலத்தீன் ஆயரோ திருவனந்தபுரத்தில் உள்ளார். 1991 முதல் 2022 வரை இங்கு ஆயராகவும் பேராயராகவும் விளங்கிய சூசைபாக்கியம் ஆண்டகை, அக்கடற்கரையில் மார்த்தாண்டன்துறையிற் பிறந்தவரே. மறுபுறம், மலங்கரா திருச்சபை என்றால் மலையாளிகளின் சபை என்று நினைப்பதும் பிழை. 1996-இல் அமைந்த மார்த்தாண்டம் மலங்கரா மறைமாவட்டத்தில் அதே சீரிய வழிபாடு தமிழில் நிகழ்கிறது. அதே ஆண்டில் தக்கலையில் சீரோ-மலபார் மறைமாவட்டமும் தோன்றியது. ஆகவே மரபு வேறு, மொழி வேறு. ஒரே மரபு பல மொழிகளில் வாழலாம். ஒரே மொழியில் பல மரபுகள் வாழலாம்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒரே பந்தி என்று சொல்லும் திருச்சபைக்குள்ளும் சாதி புகுந்தது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, மார்த்தாண்டவர்மர் அரண்மனையிற் பணியாற்றிய நீலகண்டர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். துன்புறுத்தப்பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஒரு சாதியாரை மற்றொரு சாதியாரிடமிருந்து பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே சுவர் எழுந்தது. 1910-இல்தான் அச்சுவர் வீழ்ந்தது. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிய சாதிப் பெயரைத் திருச்சபை விட்டுவிட்டது. சுவர்கள் தாமே விழுவதில்லை. உள்ளிருப்பவர் தம் கொள்கையை எடுத்துத் தம்மையே அளந்து பார்த்தால்தான் விழும். இது கத்தோலிக்கர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

நிறைவாக, குடிபெயர்ந்து வந்த நமக்கு இதனால் என்ன?

திருச்சபைச் சட்டம் பங்குகளைப் பொதுவாக நிலப்பரப்பு நோக்கியே வகுக்கிறது. ஆயினும் தேவையுள்ள இடத்தில், மரபு நோக்கியும் மொழி நோக்கியும் தனிப்பங்கு அமைக்கலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. அயலூரில் வாழ்பவன் தன் மொழியில் இறைவனை வேண்டுவது சலுகையன்று, மதிக்கத்தக்க தேவை என்பதே இதன் உட்பொருள். ஆனால் சட்டம் இடத்தைத்தான் தரும், ஆட்களைத் தராது. தமிழ்த் திருப்பலி அறிவிக்கப்பட்டும் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தால், எந்த ஆயராலும் அதனை நெடுநாள் நடத்த இயலாது. வீட்டில் மாலை மன்றாட்டைத் தமிழிற் சொல்லாத பிள்ளை, கோயிலிலும் தமிழைத் தேடாது. தேவாரத்துக்கும் இது பொருந்தும், திருவாசகத்துக்கும் பொருந்தும், நம் சங்கத்தின் ஞாயிற்றுத் தமிழ் வகுப்புக்கும் பொருந்தும்.

நம் பிள்ளைகள் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்கின்றனர், கற்கட்டும். சோறு போடும் ஊரின் மொழியைப் போற்றுவது நம் கடன். ஆனால் மனம் கலங்கும் நேரத்தில் வாய் தானே தேடும் மொழி ஒன்று உண்டு. அம்மொழி தமிழாக இருக்க வேண்டுமானால், அதை இப்போதே, அடுக்களையிலும் பூசையறையிலும், செபமாலை சொல்லும் திண்ணையிலும் ஊன்ற வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அண்டை வீட்டுத் திருப்பலிக்கு அழைப்பு வரும்போது, பின்வரிசையில் தயங்கி நில்லாமல் உள்ளே சென்று அமர்வோம். நம் விழாக்களுக்கு அவர்களை அழைக்கும்போதும், செய்வது என்ன, ஏன் செய்கிறோம் என்று பக்கத்தில் அமர்ந்து சொல்வோம். நம் பிள்ளைகளும் அப்போது உடன் இருக்கட்டும், கேட்டுக்கொள்ளட்டும்.